பெயர் மறைக்கப்பட்ட பெருமகள் – லிசே மைட்னர்

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி)

அறிவியல் உலகில் புகழ் பெற்ற பெண்மணி ஒருவரின் பெயரைக் கூறுக என்றால், நாம் அனைவரும் உடனே மேரி கியூரி அம்மையாரின் பெயரைக் கூறுவோம். இரண்டாவதாக ஒரு பெயரைக் கூறுக என்றால் சற்றே தயங்குவோம். பெண்கள் அறிவியலுக்கு ஒன்றும் செய்யவில்லை என்பது இத்தயக்கத்திற்குக் காரணமன்று. செய்தவர்கள் பலர். ஆனால், அவர்களுடைய பெயர்கள் நம் கண்ணில் படும் இடங்களில் எழுதப்படவில்லை. செடி வளர்ந்து பூத்துக் குலுங்கினாலும், வேர் மண்ணுக்குள் மறைந்தே கிடக்கின்றது அல்லவா? அதுபோல மறைந்து கிடந்தவர்களுள் முதலிடம் பெறத்தக்கவர் லிசே மைட்னர் அம்மையார் ஆவார்.

அணுக்கருப் பிளவைக் கண்டுபிடித்தவர்கள் யாவர் என்ற வினாவுக்கு ஆட்டோ ஹான், ஸ்ட்ராஸ்மன் என்னும் இருவர் பெயரையே பல நூல்கள் விடையாகத் தருகின்றன. அந்த ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தவரும், அதன் முடிவுக்குப் பொருள் கூறியவரும் ஒரு பெண்மணி என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? வாருங்கள் தோழியரே, அப்பெருமகளின் வாழ்க்கை வரலாற்றைச் சிறிது காண்போம்.

பிறப்பும் இளமையும்

ஆஸ்திரிய நாட்டின் தலைநகராகிய வியன்னாவில் 1878ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் லிசே மைட்னர் பிறந்தார். தந்தையார் பிலிப் மைட்னர் ஒரு வழக்கறிஞர். யூத குலத்தைச் சேர்ந்த அக்குடும்பத்தில் எட்டுக் குழந்தைகள். லிசே மூன்றாவது மகள். வீட்டில் நூல்களுக்கும் இசைக்கும் குறைவில்லை. பெண் குழந்தை, ஆண் குழந்தை என்ற வேற்றுமை பாராமல் எல்லோருக்கும் கல்வி தரவேண்டும் என்று பெற்றோர் விரும்பினர்.

ஆனால், நாட்டின் சட்டம் வேறாக இருந்தது. அக்காலத்தில் ஆஸ்திரியாவில் பெண்களுக்குரிய பள்ளிக் கல்வி 14 வயதோடு முடிந்துவிடும். அதற்குமேல் ஆண்களுக்கே உயர்நிலைப் பள்ளியும் பல்கலைக்கழகமும். நம்மைவிட ஒரு வயது இளையவராக இருக்கும்போதே லிசேக்குப் பள்ளியின் கதவு அடைபட்டது. அவர் மனம் தளரவில்லை. பிரெஞ்சு மொழி ஆசிரியைக்கான பயிற்சி பெற்றார். 1897ஆம் ஆண்டு வியன்னாப் பல்கலைக்கழகம் பெண்களுக்கும் இடம் தரத் தொடங்கியது. அங்கே நுழைய வேண்டுமானால் ஆண்கள் எட்டு ஆண்டுகள் கற்கும் பாடங்களையெல்லாம் கற்றுத் தேர்வு எழுதவேண்டும். லிசே தனி ஆசிரியரிடம் இரவும் பகலும் பயின்று அவற்றை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். அவர் சிறிது நேரம் நடமாடினாலும், புத்தகத்தை எடுக்காவிட்டால் தேறமாட்டாய் என்று தம்பி தங்கையர் கேலி செய்வார்களாம். 1901ஆம் ஆண்டு, ஆண்கள் பள்ளி ஒன்றில் 14 பெண்கள் அத்தேர்வை எழுதினர். தேறியவர் நால்வர். அந்நால்வருள் லிசேயும் ஒருவர்.

பல்கலைக்கழகத்தில் போல்ட்ஸ்மன் என்னும் புகழ் பெற்ற பேராசிரியர் இயற்பியல் கற்பித்தார். அவருடைய சொற்பொழிவுகள் லிசேயின் உள்ளத்தில் அணையா விளக்கை ஏற்றின. 1906ஆம் ஆண்டு லிசே டாக்டர் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்ற இரண்டாவது பெண்மணி அவரே.

நிலவறையில் ஓர் ஆராய்ச்சிக்கூடம்

1907ஆம் ஆண்டு, மேலும் கற்கும் ஆர்வத்தோடு லிசே ஜெர்மனியின் பெர்லின் நகருக்குச் சென்றார். அங்கு மாக்ஸ் பிளாங்க் என்னும் மாமேதையின் வகுப்புகளில் அமர அனுமதி பெற்றார். கதிரியக்கம் பற்றி ஆராய்ந்து கொண்டிருந்த ஆட்டோ ஹான் என்னும் இளம் வேதியியலாரின் நட்பும் கிடைத்தது. ஹான் வேதியியலில் வல்லவர். லிசே இயற்பியலில் வல்லவர். இருவரும் சேர்ந்து ஆராயத் தீர்மானித்தனர்.

இங்கும் ஒரு தடை குறுக்கிட்டது. ஹான் பணிபுரிந்த வேதியியல் நிலையத்தின் தலைவர் எமில் பிஷர் பெண்களை உள்ளே அனுமதிப்பதில்லை. பெண்களின் நீண்ட கூந்தல் தீப்பற்றிக் கொள்ளுமோ என்று அவர் அஞ்சினாராம்! இறுதியில், நிலவறையில் தச்சுப்பட்டறையாக இருந்த ஓர் அறையில் மட்டும் லிசே வேலை செய்யலாம் என்று இசைந்தார். மேல்மாடிகளுக்கு அவர் போகக்கூடாது. அந்தக் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறைகூட இல்லை. அதற்காக அவர் தெருவில் இருந்த ஓர் உணவு விடுதிக்குச் சென்று வரவேண்டியிருந்தது. ஊதியம் ஒரு காசும் கிடையாது. தந்தையார் அனுப்பிய சிறு தொகையைக் கொண்டு சிக்கனமாக வாழ்ந்தார். 1909ஆம் ஆண்டுக்குள் பெண்களுக்கு எதிரான அவ்விதிகள் தளர்ந்த பின்னரே நிலையத்தின் மற்ற அறைகளுக்குள் அவர் கால் வைத்தார்.

அக்காலத்து நிகழ்ச்சிகள் இரண்டைக் கூறவேண்டும். லிசே தம் கட்டுரைகளில் மைட்னர் என்ற குடும்பப் பெயரையே எழுதி வந்தார். அவற்றைப் படித்த கலைக்களஞ்சிய ஆசிரியர் ஒருவர், எழுதியவர் ஆண்மகன் என்று எண்ணித் தமக்கும் ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டிருந்தார். எழுதுபவர் பெண் என்று தெரிந்ததும், பெண் எழுதிய கட்டுரையை வெளியிட எண்ணமில்லை என்று கைவிரித்துவிட்டார். மற்றொன்று, 1908ஆம் ஆண்டில் நடந்தது. நோபல் பரிசு பெற்றுத் திரும்பிய ரூதர்போர்டு பெர்லினுக்கு வந்தார். மைட்னர் என்பவர் ஓர் ஆண் என்றே அவரும் நினைத்திருந்தார். நேரில் கண்டு வியந்தார். பின்பு ரூதர்போர்டும் ஹானும் அறிவியல் பேசிக் கொண்டிருக்க, லிசே ரூதர்போர்டின் மனைவிக்குத் துணையாகக் கடைவீதிக்குச் செல்ல நேர்ந்தது. அறிவில் நிகரானவரைக் கடைக்குத் துணை அனுப்பிய காலம் அது!

உயர்வும் உழைப்பும்

1912ஆம் ஆண்டு பிளாங்க் அவரைத் தம் உதவியாளராக நியமித்தார். அதுவே அவர் பெற்ற முதல் ஊதியப் பதவி. அதே ஆண்டில் ஹானும் மைட்னரும் பெர்லினுக்கு அருகே டாலம் என்னுமிடத்தில் எழுந்த கைசர் வில்ஹெல்ம் வேதியியல் நிலையத்திற்கு மாறினர். முதல் உலகப் போர் மூண்டபோது, லிசே ஆஸ்திரிய இராணுவ மருத்துவமனைகளில் எக்ஸ்-கதிர் செவிலியாகத் தொண்டாற்றினார். அதே வேளையில் எதிரணியாகிய பிரெஞ்சு நாட்டில் மேரி கியூரி அம்மையாரும் அத்தொண்டையே செய்து கொண்டிருந்தார். நாடுகள் பகைத்தாலும் இரு பெண்மணிகளின் உள்ளமும் காயமுற்றோர்பால் ஒன்றாகவே கசிந்தது.

போர்க்களத்திலிருந்து திரும்பிய மைட்னர் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். ஹான் பெரும்பாலும் இராணுவப் பணியில் இருந்தார். ஆகவே வேலையில் பெரும்பகுதியை லிசேயே செய்தார். 1918ஆம் ஆண்டு புரோட்டாக்டினியம் என்னும் தனிமத்தை இருவரும் கண்டறிந்ததாக உலகுக்கு அறிவித்தனர். கட்டுரையில் ஹானின் பெயரே முதலில் இருந்தது.

1922ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் தகுதி பெற்று, அண்டவெளி நிகழ்ச்சிகளில் கதிரியக்கத்தின் பங்கு பற்றி முதற்சொற்பொழிவு ஆற்றினார். அண்டவெளியைக் குறிக்கும் ‘காஸ்மிக்’ என்ற சொல்லை ஒரு செய்தித்தாள் ‘காஸ்மெடிக்’ என்று அச்சிட்டுவிட்டது. பெண் பேசினால் அது முகப்பூச்சைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று எண்ணினார்கள் போலும்! 1926ஆம் ஆண்டு அவர் பெர்லின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். ஜெர்மனியில் இயற்பியல் பேராசிரியரான முதற் பெண்மணி அவரே. ஐன்ஸ்டீன் அவரை ஜெர்மன் நாட்டின் மேரி கியூரியாகப் போற்றினார்.

அணுவிலிருந்து எலெக்ட்ரான் வெளிப்படும் ஒரு விளைவை 1922ஆம் ஆண்டில் மைட்னர் எழுதி வெளியிட்டார். மறு ஆண்டு பிரெஞ்சு நாட்டு ஓஜே என்பவரும் அதனைத் தனியாகக் கண்டார். ஆனால், பல்லாண்டுகள் அது ‘ஓஜே விளைவு’ என்றே வழங்கிவந்தது. அண்மைக் காலத்தில்தான் அறிஞர் சிலர் மைட்னரின் பெயரையும் சேர்த்துக் கூறத் தொடங்கியுள்ளனர்.

நாடு கடந்த நாள்

1933ஆம் ஆண்டு ஹிட்லர் ஆட்சியைப் பிடித்தார். 1908ஆம் ஆண்டிலேயே மைட்னர் திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவர் ஆகியிருந்தார். எனினும், யூத குலத்தில் பிறந்தவர் என்பதால் கற்பிக்கும் உரிமை பறிக்கப்பட்டது. ஆஸ்திரியக் குடிமகளாக இருந்தமையால் ஆராய்ச்சி நிலையத்தில் மட்டும் பணி தொடர்ந்தது. ஐன்ஸ்டீன் போன்ற பலர் வெளியேறிவிட்டனர். மைட்னரோ தம் கையால் கட்டி எழுப்பிய ஆராய்ச்சிக்கூடத்தை விட்டுப் பிரிய மனமின்றித் தங்கினார். அவ்வாறு தங்கியது அறிவீனம் மட்டுமன்று, பெருந்தவறும் ஆகும் என்று பிற்காலத்தில் அவரே வருந்தினார்.

1934ஆம் ஆண்டு, யுரேனியத்தை நியூட்ரான்களால் தாக்கினால் என்ன நிகழும் என்று ஆராய அவர் ஹானை அழைத்தார். ஸ்ட்ராஸ்மன் என்னும் இளைஞரும் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் மூவரும் அயராது உழைத்தனர். 1938ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஹிட்லர் ஆஸ்திரியாவைக் கைப்பற்றினார். அதோடு மைட்னரின் பாதுகாப்பும் பறிபோயிற்று. அவருடைய கடவுச்சீட்டு செல்லாததாயிற்று. நாட்டைவிட்டு வெளியேற அரசும் இசையவில்லை.

ஹாலந்து நாட்டு அறிஞர் டிர்க் கோஸ்டர் அவரைக் காக்க இரகசியமாக வந்தார். ஜூலை 12ஆம் நாள் மாலை வரை மைட்னர் வழக்கம்போல் நிலையத்தில் வேலை செய்தார். மறுநாள் இரு சிறு பெட்டிகளோடு இரயில் ஏறினார். கைப்பையில் 10 மார்க் மட்டுமே இருந்தது. எல்லையில் லஞ்சம் கொடுக்க நேர்ந்தால் உதவும் என்று ஹான் தம் தாயாரின் வைர மோதிரத்தைக் கொடுத்திருந்தார். நல்ல வேளையாக அதற்குத் தேவை ஏற்படவில்லை. 59 வயதில், 31 ஆண்டுகால வாழ்வை அப்படியே விட்டுவிட்டு மைட்னர் எல்லையைக் கடந்தார். பின்னர் சுவீடன் நாட்டுத் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இடம் கிடைத்தது. ஆனால், போதிய கருவிகளோ உதவியாளரோ அங்கு அவருக்குக் கிடைக்கவில்லை.

பனிவெளியில் பிறந்த விளக்கம்

ஹானும் மைட்னரும் கடிதங்கள் வாயிலாக ஆராய்ச்சியைத் தொடர்ந்தனர். 1938 நவம்பரில் கோபன்ஹேகன் நகரில் இருவரும் சந்தித்தபோது, ஹான் கூறிய முடிவை ஏற்காமல், சோதனையை மீண்டும் கவனமாகச் செய்யுமாறு மைட்னர் வற்புறுத்தினார். டிசம்பரில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் மீண்டும் ஆராய்ந்தபோது வியப்பான முடிவு கிட்டியது. யுரேனியத்திலிருந்து பேரியம் தோன்றியிருந்தது! ஏறத்தாழ யுரேனியத்தின் பாதி எடையே உள்ள பேரியம் எப்படி வந்தது? விளங்காமல் ஹான் மைட்னருக்கே கடிதம் எழுதினார்.

அப்போது கிறிஸ்துமஸ் விடுமுறை. மைட்னர் சுவீடனில் குங்கால்வ் என்னும் சிற்றூரில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தார். அவருடைய சகோதரி மகன் ஆட்டோ பிரிஷும் வந்திருந்தார். அவரும் ஓர் இயற்பியலார். அவருடைய தந்தை நாஜிகளின் சிறைமுகாமில் வாடிக் கொண்டிருந்தார். அத்தகைய துன்பத்திற்கிடையே இருவரும் பனிவெளியில் உலாவச் சென்றனர். பிரிஷ் பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு வர, 60 வயது மைட்னர் அவருக்கு ஈடாக நடந்தே வந்தார். பின் ஒரு மரத்தின்மேல் அமர்ந்து துண்டுக் காகிதத்தில் கணக்கிடத் தொடங்கினர்.

அணுக்கருவை ஒரு நீர்த்துளி என்று கொள்வோம். அதில் ஒரு நியூட்ரான் புகுந்தால் துளி அதிர்ந்து நீளும். நடுவில் இடை போலச் சுருங்கும். முடிவில் இரண்டாகப் பிளந்துவிடும். யுரேனியத்தின் அணு எண் 92. பேரியத்தின் அணு எண் 56. அப்படியானால் மற்றொரு துண்டின் அணு எண் 36, அது கிரிப்டான். பிளவின்போது ஒரு புரோட்டானின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று மைட்னர் கணக்கிட்டார். ஐன்ஸ்டீனின் சமன்பாட்டின்படி அந்நிறை ஏறத்தாழ 200 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலாக மாறவேண்டும். இரு துண்டுகளும் ஒன்றையொன்று விலக்கிப் பறக்கும் ஆற்றலும் அதே அளவு! கணக்கு அப்படியே பொருந்தியது. உயிரணு இரண்டாகப் பிரிவதைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு அதற்கு அணுக்கருப் பிளவு என்று பெயரிட்டனர். இருவரும் எழுதிய கட்டுரை 1939ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.

ஆனால், ஜனவரியிலேயே ஹானும் ஸ்ட்ராஸ்மனும் தம் சோதனை முடிவை ஜெர்மன் இதழில் வெளியிட்டுவிட்டனர். அதில் மைட்னரின் பெயர் இல்லை. நாட்டைவிட்டுத் தப்பிய யூதப் பெண்மணியின் பெயரைச் சேர்ப்பது அன்றைய ஜெர்மனியில் இயலாத செயல் என்பது உண்மையே. போர் முடிந்து அச்சம் நீங்கிய பின்னராவது உண்மையை உரக்கச் சொல்லியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், அது வேதியியலின் தனி வெற்றி என்றே ஹான் கூறிவந்தார்.

பரிசும் பழியும்

1944ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு ஹான் ஒருவருக்கே என்று 1945 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. மைட்னரின் பெயர் அவர் வாழ்நாளில் நாற்பதுக்கும் மேற்பட்ட முறை நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. மாறாக, அணுகுண்டு வெடித்தபோது, அதற்குத் தாய் இவரே என்று செய்தித்தாள்கள் எழுதின! உண்மையில், குண்டு செய்யும் பணிக்கு அழைப்பு வந்தபோது அதில் பங்குகொள்ள அறவே மறுத்தவர் அவர். செய்த நற்பணிக்குப் பெயர் இல்லை. செய்யாத தீச்செயலுக்குப் பெயர் உண்டு. இதைவிட வேதனை என்ன இருக்கிறது?

1946ஆம் ஆண்டு மைட்னர் அமெரிக்கா சென்று, வாஷிங்டனில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியராகக் கற்பித்தார். 1966ஆம் ஆண்டு ஹான், ஸ்ட்ராஸ்மன் ஆகியோரோடு அவருக்கும் அமெரிக்காவின் பெர்மி விருது அளிக்கப்பட்டது. முதிய வயதில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் வாழ்ந்து, 1968ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் தம் 89ஆம் வயதில் மறைந்தார்.

மியூனிக் நகரின் பெரிய அருங்காட்சியகத்தில், பிளவைக் கண்டறியப் பயன்பட்ட கருவிகள் ஒரு மேசைமீது காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. அது ஹானின் பணிமேசை என்று பல ஆண்டுகள் அட்டையில் எழுதியிருந்தார்கள். அக்கருவிகளோ மைட்னரின் பிரிவில் உருவானவை! எத்தனை பள்ளிச் சிறுமியர் அந்த அட்டையைப் படித்து, இது ஆண்களின் வேலை என்று எண்ணிச் சென்றிருப்பார்களோ! பெயரை மறைப்பதால் இழப்பு அதற்கு உரியவருக்கு மட்டுமன்று. அவரைப் பார்த்து வளரவேண்டிய தலைமுறைக்கும்தான்.

வரலாற்று ஆசிரியர்கள் பழைய கடிதங்களை ஆராய்ந்து உண்மையை வெளிக்கொணர்ந்த பின்னரே நிலைமை மாறியது. அருங்காட்சியக அட்டை திருத்தப்பட்டது. 1997ஆம் ஆண்டு 109ஆம் தனிமத்திற்கு ‘மைட்னீரியம்’ என்ற பெயர் உறுதியாயிற்று. 2010ஆம் ஆண்டில், அவர் பணியாற்றிய டாலம் கட்டடத்தின் பெயரோடு அவர் பெயரும் சேர்க்கப்பட்டது.

நம் கடமை

அது பழங்கதை என்று நாம் இருந்துவிடலாகாது. 2018ஆம் ஆண்டு டோனா ஸ்ட்ரிக்லண்ட் அம்மையாருக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அந்நாள்வரை விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தில் அவரைப் பற்றி ஒரு கட்டுரைகூட இல்லை. அன்றொரு கலைக்களஞ்சிய ஆசிரியர் மைட்னரின் எழுத்தை மறுத்தார். நூறாண்டுக்குப் பின் வந்த கலைக்களஞ்சியமும் ஸ்ட்ரிக்லண்டை மறந்தது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பழைய கலைக்களஞ்சியத்தின் கதவு நம் போன்றோர்க்கு அடைபட்டிருந்தது. இன்றைய கலைக்களஞ்சியத்திலோ யாரும் எழுதலாம், தமிழிலும் எழுதலாம்.

ஆகவே அன்புத் தோழியரே! அறிவியல் கண்காட்சிக்குப் படம் எழுதும்போது, கண்டுபிடிப்பின் கீழ் எல்லாப் பெயர்களையும் தேடி எழுதுவோம். ஒரு பெயரைப் படிக்கும்போது, அவரோடு உழைத்தவர் வேறு யார் என்று ஆசிரியைகளைக் கேட்போம். நூலகத்தில் கற்றதை நல்ல தமிழில் எழுதி, உலகோர் காணும் இடத்தில் வைப்போம். நாம் எழுதும் நாலு வரியைத் தொலைவிலுள்ள ஒரு சிற்றூர்ச் சிறுமி படிக்கலாம். தானும் அறிவியல் கற்கலாம் என்ற துணிவு அவளுக்குப் பிறக்கலாம். நிலவறையிலே இருந்தும் ஒளி வீசிய லிசே மைட்னர் அம்மையாருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி அதுவே ஆகும்.